சி.எல்.எல்: லிம்போசைட் 62,000 இருந்தும் அப்பாவுக்கு ஏன் தொற்று வந்துகொண்டே இருக்கிறது?

கார்முகில்:

அப்பாவுக்கு 67 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது தற்செயலாகத் தெரியவந்தது, சி.எல்.எல். என்றார்கள், அதாவது லிம்போசைட்டுகளில் வரும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். உடனே மருந்து தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக் கவனித்துக்கொண்டே இருப்போம் என்றார் டாக்டர். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருந்தும் தராமல் வீட்டுக்கு அனுப்புகிறார்களே என்று முதலில் பதறினோம், அப்புறம் மெல்ல மனதைத் தேற்றிக்கொண்டோம்.

இப்போது வேறு பிரச்சினை. இந்த ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை நிமோனியா, நடுவில் ஒரு முறை அக்கி. கடைசி ரிப்போர்ட்டில் லிம்போசைட் மட்டும் ஒரு மைக்ரோலிட்டருக்கு 62,000. நோயை எதிர்த்து நிற்கிற அணு என்றுதான் இதைப் படித்திருக்கிறோம். அது இத்தனை மடங்கு இருக்கும்போது சாதாரண சளி கூட அப்பாவை ஏன் படுக்கையில் தள்ளுகிறது?

இன்னொன்று. மரபணுப் பரிசோதனையில், 13-ஆம் குரோமோசோமில் க்யூ14 என்ற இடத்தில் ஒரு துண்டு இல்லை என்று வந்திருக்கிறது. "இருக்கிறதிலேயே இது நல்ல வகை" என்று டாக்டர் சொன்னதோடு சரி, வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள், மேற்கொண்டு கேட்கத் தயக்கமாக இருந்தது. தேடிப் படித்ததில், சில மரபணுக்கள் மற்ற மரபணுக்களை ஏற்றவும் இறக்கவும் செய்கின்றன, இந்த நோயில் எதிர்ப்பு அணுக்களின் போக்கையே அவைதான் மாற்றுகின்றன என்று இருந்தது. கெட்ட அணுவுக்குள் ஒரு துண்டு தொலைந்தால் அதற்கு வெளியே இருக்கிற நல்ல அணு ஏன் கெட வேண்டும்? அங்கேதான் எனக்குப் பிடி கிடைக்கவில்லை. எனக்கும் தங்கைக்கும் இது வருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நுண்ணோக்கி:

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக ஸ்லைடு பார்க்கிறவன் நான், எண்ணிக்கை பற்றிய முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், மரபணு விஷயத்தை அதில் வேலை செய்கிறவர்கள் யாராவது எழுதட்டும்.

நோய் இல்லாத ஒருவரின் ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்துச் சாயம் போட்டுப் பார்த்தால் லிம்போசைட்டுகள் கொஞ்சம்தான் தெரியும், ஒன்று சிறியது, ஒன்று சற்றே பெரியது, ஒன்றில் சிவந்த துகள்கள் என்று முகம் முகமாக வேறுபடும். சி.எல்.எல். ஸ்லைடு அப்படி இருக்காது. பார்க்கிற இடமெல்லாம் ஒரே அச்சில் வார்த்த சின்னச் சின்ன உருண்டைகள், உட்கரு காய்ந்து வெடித்த களிமண் மாதிரி கட்டி கட்டியாக, சுற்றிலும் நூல் அளவுக்கு நீல ஓரம். நடுநடுவே உருத்தெரியாமல் நசுங்கிப் பரவிய தடங்கள் கிடக்கும். அவற்றை ஸ்மட்ஜ் செல் என்போம். இந்த அணுக்கள் அவ்வளவு பலவீனமானவை, ஸ்லைடில் இழுக்கும்போதே உடைந்துவிடும்.

காரணம், அந்த 62,000-இல் பெரும்பங்கு ஒரே ஒரு பி செல்லின், அதாவது எதிர்ப்பொருள் உற்பத்திக்கான லிம்போசைட் ஒன்றின், நகல்கள். சாதாரணமாக நம் உடம்பில் ஒவ்வொரு பி செல்லும் வேறு வேறு கிருமியை அடையாளம் காண்கிற ஏற்பியோடு பிறக்கிறது, அந்த வகைப்பாடுதான் நம் பலமே. அப்பாவிடம் இருப்பது 62,000 சாவிகள் கோத்த ஒரு கொத்து, ஆனால் எல்லாம் ஒரே பூட்டுக்கான சாவி. நிமோனியா கிருமி கொண்டுவரும் பூட்டு வேறு. இந்த நகல்கள் எலும்பு மஜ்ஜையிலும் நெறிக்கட்டிகளிலும் இடத்தை அடைத்துக்கொள்வதால் உண்மையாக வேலை செய்ய வேண்டிய பி செல்கள் ஒதுங்கிவிடுகின்றன, எதிர்ப்பொருள் உற்பத்தி சரிகிறது.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற முக்கிய எதிர்ப்பொருள் எவ்வளவு என்று பார்த்திருக்கிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்த நோயில் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான், லிம்போசைட் எண்ணிக்கை இல்லை.


இழைநூல்:

மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறேன், நோயாளிக்குச் சிகிச்சை சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனால் அந்த 13 க்யூ14 கதையை நன்றாகத் தெரியும். கொஞ்சம் நீளமாகப் போகும்.

1990-களில் பல குழுக்கள் அந்த இடத்தைச் சல்லடை போட்டுத் தேடின. இத்தனை நோயாளிகளிடம் அதே துண்டு காணாமல் போகிறதென்றால் அங்கே புற்றுநோயைத் தடுக்கிற புரதத்துக்கான மரபணு ஒன்று இருந்தாக வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படி ஒன்று சிக்கவேயில்லை. 2002-இல் கார்லோ குரோச்சேயின் ஆய்வகத்தில் ஜார்ஜ் காலினும் மற்றவர்களும் கண்டது வேறு: அந்தத் துண்டில் இருந்தவை மிர்-15ஏ, மிர்-16-1 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது இருபத்திச் சொச்சம் எழுத்து நீளமுள்ள துணுக்கு. அதிலிருந்து புரதம் எதுவும் உருவாகாது. மற்ற மரபணுக்களிலிருந்து வரும் செய்தியில் போய் ஒட்டிக்கொண்டு "இவ்வளவு போதும்" என்று புரத உற்பத்தியை இறக்கிவிடுவதுதான் அதன் வேலை. மனிதப் புற்றுநோய் ஒன்றோடு மைக்ரோ ஆர்.என்.ஏ-வுக்குத் தொடர்பு உண்டு என்று முதன்முதலில் காட்டியதே சி.எல்.எல்-தான். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற ஒன்று இருப்பதைப் புழுவில் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அந்த இரண்டும் எதை இறக்கி வைத்திருந்தன என்பது 2005-இல் தெரிந்தது. பி.சி.எல்.2 என்ற புரதம், அணு தன் காலம் முடிந்ததும் சாகாமல் தடுத்து நிறுத்துவது. கடிவாளம் போனதும் பி.சி.எல்.2 ஏறுகிறது, சாக வேண்டிய பி செல் சாகாமல் தங்குகிறது. இந்த நோய் பல வருடம் மெதுவாக நகர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: அணுக்கள் வெறித்தனமாகப் பெருகுவதைவிட, போக வேண்டியவை போகாமல் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. 2016-இல் அனுமதி பெற்ற வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரை அடிப்பது இதே பி.சி.எல்.2-வைத்தான். டாக்டர் நல்ல வகை என்று சொன்னதிலும் அர்த்தம் இருக்கிறது. 2000-இல் 325 பேரை வைத்து வந்த ஓர் ஆய்வில் 55 சதவீதம் பேரிடம் 13 க்யூ நீக்கம் இருந்தது, வேறு மாற்றம் எதுவும் சேராமல் அது மட்டும் இருந்தவர்களே அதிக காலம் வாழ்ந்தார்கள். 17-ஆம் குரோமோசோமில் டி.பி.53 என்ற புற்றுநோய்த் தடுப்பு மரபணு போனவர்கள்தான் அப்போது மிகவும் கஷ்டப்பட்டார்கள்.

சரி, உங்கள் அசல் கேள்வி. கெட்ட அணுவின் உள்ளே நடப்பது வெளியே இருக்கிற டி செல்லை, அதாவது கெட்டுப்போன அணுக்களைத் தேடிக் கொல்கிற இன்னொரு வகை லிம்போசைட்டை, எப்படித் தொடுகிறது?

டி செல் வேலை செய்வதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது புரியும். ஓர் அணுவைச் சந்தேகப்பட்டால் டி செல் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் தன் உள் எலும்புக்கூட்டை, ஆக்டின் இழைகளை, இழுத்துக் குவித்து ஒரு முத்திரை போல அழுத்தும், அந்த முத்திரை வழியாகத்தான் கொல்லும் பொருளைச் செலுத்தும். 2008-இல் ஜான் கிரிபனின் குழு காட்டியது என்னவென்றால், சி.எல்.எல். நோயாளியின் டி செல் போய் ஒட்டுகிறது, ஆனால் ஆக்டின் குவியவில்லை, முத்திரை விழவில்லை. அதைவிட முக்கியமான பகுதி அடுத்தது. நோயே இல்லாத ஒருவரின் டி செல்லை எடுத்து சி.எல்.எல். அணுக்களோடு சேர்த்து வைத்தார்கள், அதுவும் முத்திரை போட முடியாமல் ஆனது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டாலே போதும். இதே குழுவினர் அதற்கு முன்பே, 2005-இல், நோயாளிகளின் டி செல்களில் எந்த மரபணுக்கள் ஏறியிருக்கின்றன, எவை இறங்கியிருக்கின்றன என்று பார்த்தபோது, இந்த எலும்புக்கூட்டு மரபணுக்களும் கொல்லும் பைகளை நகர்த்துகிற மரபணுக்களும் மாறியிருப்பதைக் கண்டிருந்தார்கள். கெட்ட அணு நல்ல அணுவின் மரபணுவை உடைக்கவில்லை, அதை ஏற்றி இறக்கும் கையைத்தான் பிடித்துக்கொள்கிறது.

தொடாமலும் செய்கிறது. சி.எல்.எல். அணுக்கள் எக்ஸோசோம் என்ற நுண்ணிய பைகளை வெளியே விடுகின்றன. அதற்குள் ஒய்-ஆர்.என்.ஏ. என்ற துணுக்குகள் இருக்கின்றன. மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணு அந்தப் பையை விழுங்கினால் அதன் உள்ளே இருக்கிற டி.எல்.ஆர்.7 என்ற உணர்வி இதை வைரஸ் வந்ததாக எடுத்துக்கொண்டு கிளம்புகிறது, கடைசியில் அந்த மோனோசைட் தன் மேற்பரப்பில் பி.டி.எல்.1 என்ற பலகையை மாட்டிக்கொள்கிறது, "சுடாதே" என்று டி செல்லுக்குச் சொல்கிற பலகை. 2017-இல் வந்த ஆய்வு இது, படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.


கார்முகில்:

இழைநூல், இரண்டு முறை படித்தேன். முத்திரை விழாத அந்த இடம் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு கேள்வி. அப்படியானால் அப்பாவின் டி செல்கள் நிரந்தரமாகப் போனதுபோலத்தானா? தொலைந்த மைக்ரோ ஆர்.என்.ஏ-வை மருந்தாகத் திருப்பிக் கொடுக்க முடியாதா?

நுண்ணோக்கி, ஐ.ஜி.ஜி. பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், ரிசல்ட் வந்ததும் சொல்கிறேன்.


ஆற்றங்கரை:

எதற்கு இவ்வளவு சுற்றுகிறீர்கள்? எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிற மாத்திரைகள் இப்போது எவ்வளவோ வந்துவிட்டன, தொடர்ந்து கொடுத்துப் பாருங்கள், சக்தி குறைந்ததுதானே பிரச்சினை?


இழைநூல்:

ஆற்றங்கரை, அக்கறையில் சொல்கிறீர்கள், ஆனால் இந்த நோயில் அந்த யோசனையைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். டி செல் எண்ணிக்கை சி.எல்.எல்-இல் பல பேருக்குக் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது, அதிலும் கொல்லும் வகையான சி.டி.8 செல்கள். குறை எண்ணிக்கையில் இல்லை, அவை எந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. பொதுவாகத் தூண்டிவிடுவது என்றால் கெட்ட பி செல்லும் லிம்போசைட்தான், அதற்கும் சேர்த்துத் தூண்டுதல் போகாது என்று யார் உறுதி சொல்வது? டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

கார்முகில், நிரந்தரமாகப் போனதா என்றால், இல்லை. அந்த டி செல்களின் டி.என்.ஏ. எழுத்து மாறவில்லை. எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும், எது ஒட்டி மூடப்பட வேண்டும் என்பதுதான் மாறியிருக்கிறது. நெடுநாள் ஒரே எதிரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் டி செல்லில் டாக்ஸ் என்ற புரதம் ஏறுகிறது, அது டி.என்.ஏ-வில் அமர்ந்து சோர்வு நிலைக்கான மரபணுக்களைத் திறந்துவைக்கிறது. புற்றுநோயிலும் நாள்பட்ட வைரஸ் தொற்றிலும் சோர்வை நடத்துவது டாக்ஸ்தான் என்பது 2019-இல் பல ஆய்வகங்கள் ஒரே நேரத்தில் சொன்ன விஷயம். ஆனால் சி.எல்.எல்-இல் ஒரு திருப்பம் உண்டு. 2013-இல் வந்த ஆய்வில் இந்த டி செல்கள் மேலே பி.டி.1 (அந்த பி.டி.எல்.1 பலகையைப் படிக்கிற ஏற்பி) போன்ற சோர்வு அடையாளங்களைச் சுமந்தாலும், கொல்லும் திறன் குறைந்திருந்தாலும், சமிக்ஞைப் பொருள்களைச் சுரப்பதை மட்டும் நிறுத்தவில்லை. முழுச் சோர்வு இல்லை, ஏறத்தாழப் பொய்ச்சோர்வு. வேறு புற்றுநோய்களில் பெரிய பலன் தந்த பி.டி.1 தடுப்பு மருந்து இங்கே ஏன் எடுபடவில்லை என்று யோசிக்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அந்த வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் கொடுத்துப் பார்த்த 16 சி.எல்.எல். நோயாளிகளில் ஒருவருக்குக்கூட நோய் பின்வாங்கவில்லை. வேகமான லிம்போமாவாக மாறிவிட்டவர்களில், ரிக்டர் மாற்றம் என்பார்கள், 9-இல் 4 பேருக்குப் பலன் தெரிந்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ-வைத் திருப்பிக் கொடுப்பது பற்றி: நல்ல யோசனைதான், முயன்றிருக்கிறார்கள். மிர்-34ஏ என்ற இன்னொன்றைக் கொழுப்புக் குமிழியில் வைத்துப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்த சோதனை 2016-இல் நிறுத்தப்பட்டது, எதிர்ப்பு மண்டலத்தோடு தொடர்புள்ள கடுமையான பக்கவிளைவுகள் வந்தன. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒரே ஒரு மரபணுவை மட்டும் தொடுவதில்லை, நூற்றுக்கணக்கில் தொடுகிறது, கெட்ட அணுவில் இறக்க வேண்டியதை நல்ல அணுவிலும் போய் இறக்கும். மிர்-155 என்று ஒன்று இருக்கிறது, சி.எல்.எல். அணுக்களில் அது ஏறியிருக்கும், அதனால் அதை அழுத்திவிடலாமே என்று தோன்றும், ஆனால் எலிகளில் அதை நீக்கினால் நல்ல பி செல், டி செல் இரண்டும் தடுப்பூசிக்குச் சரியாகப் பதில் தருவதில்லை. அதனால்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ-வைத் தொடாமல், அது கட்டி வைத்திருந்த பி.சி.எல்.2-வை நேரடியாகப் பிடித்த வழி ஜெயித்தது.

கடைசியாக ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, நம்பிக்கை தருகிற விஷயம் என்பதால். நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, பி செல்லை அடையாளம் காணும் ஏற்பியைப் பொருத்தித் திருப்பி ஏற்றுவதைக் கார்-டி என்பார்கள். சி.எல்.எல்-இல் இது எல்லோருக்கும் பலிப்பதில்லை, 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒன்றில்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே நோய் முழுமையாக மறைந்தது. வேறொரு கார்-டி சோதனையில் ஒரு நோயாளிக்கு இரண்டு முறை ஏற்றியும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது ஏற்றத்துக்குச் சுமார் இரண்டு மாதம் கழித்துத் திடீரென்று டி செல்கள் பெருகி நோய் மறைந்தே போனது. தோண்டிப் பார்த்தால், உச்சத்தில் இருந்த சி.டி.8 கார்-டி செல்களில் 94 சதவீதம் ஒரே ஒரு செல்லின் வாரிசுகள். ஏற்பியைச் சுமந்துபோன வைரஸ் அந்த ஒரு செல்லில் டெட்2 என்ற மரபணுவின் நடுவில் போய் விழுந்து அதைக் குலைத்திருந்தது, அவரது இன்னொரு டெட்2 பிரதியும் பிறவியிலோ பிறகோ ஏற்கெனவே பழுதாகியிருந்தது. டி.என்.ஏ-வில் மூடிய பக்கங்களைத் திறக்க உதவுவது டெட்2. அது இல்லாததால் அந்தச் செல் முதிர்ந்து சோர்ந்துவிடாமல் இளமையாக, நினைவு செல்லாக நின்றது. 2018-இல் வெளியானது. இதே டெட்2 எலும்பு மஜ்ஜையின் தண்டணுக்களில் பழுதானால் வேறு ரத்தப் புற்றுநோய்களுக்கு வழி திறக்கும் என்பதால் யாரும் இதை அப்படியே மருந்தாக்கிவிட முடியாது. ஆனால் டி செல்லைச் சரிசெய்யும் சாவி அதன் ஒழுங்குபடுத்திகளிடம் இருக்கிறது என்பதை ஒரே ஒரு செல் காட்டிக்கொடுத்துவிட்டது.

பரம்பரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பாவின் 13 க்யூ நீக்கம் அவருடைய அந்த ஒரு பி செல்லில் பிற்காலத்தில் வந்தது, உங்களுக்கு வராது. சி.எல்.எல். உள்ளவரின் பிள்ளைகளுக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு என்பது உண்மை, ஆனால் அடிப்படை எண் மிகச் சிறியது என்பதால் பெருக்கினாலும் சிறியதுதான்.


பொன்வண்டு:

எனக்கு சி.எல்.எல். வந்து ஒன்பது வருடம் ஆகிறது தம்பி, இவர்கள் சொல்கிற அறிவியல் எனக்குப் பாதிதான் புரியும், அனுபவித்ததைச் சொல்கிறேன்.

முதல் நாலு வருடம் எனக்கும் மருந்து கிடையாது. ஐந்தாம் வருடம் நெஞ்சுச் சளி விடவே இல்லை, ஐ.ஜி.ஜி. மிகக் குறைவு என்று கண்டுபிடித்து மாதம் ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்று நாலு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும், ஒரு புத்தகத்தோடு போய்விடுவேன். மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்தான் அது, ஆயிரக்கணக்கான பேருடைய சாவிகள் என்று இப்போது நுண்ணோக்கி எழுதியதைப் படித்தபிறகு நினைத்துக்கொள்கிறேன். அதன்பிறகு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரவில்லை. எல்லோருக்கும் இது தேவைப்படாது, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்பாவுக்குக் காய்ச்சல் 38 டிகிரி தாண்டினால் காலைவரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். நான் ஒரு முறை அப்படி இருந்து ரொம்பப் பட்டுவிட்டேன். தடுப்பூசியில் உயிருள்ள கிருமி வைத்துச் செய்தவை கூடாது, மற்றவற்றை, நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும், சிகிச்சை தொடங்கும் முன்பே போட்டுவிடச் சொல்வார்கள். அக்கிக்கும் உயிருள்ள கிருமி இல்லாத ஊசி இருக்கிறது. நம் உடம்பு அரைகுறையாகத்தான் பதில் சொல்லும், அதனால் கூட இருப்பவர்களும் போட்டுக்கொள்ளுங்கள்.


கார்முகில்:

ஐ.ஜி.ஜி. வந்துவிட்டது, ஒரு டெசிலிட்டருக்கு 310 மில்லிகிராம். குறைந்தபட்சம் 700 இருக்க வேண்டும் என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது. இந்த முறை தயங்காமல் எல்லாவற்றையும் எழுதி எடுத்துப்போய்க் கேட்டேன், டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து பேசினார். அடுத்த வாரம் அப்பாவுக்கு முதல் முறை ஏற்றுகிறார்கள்.

அப்பாவின் ஸ்லைடைப் பார்க்க முடியுமா என்று கேட்டதற்குப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர் மறுக்கவில்லை. அப்பாவே நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு பேரும் ஒரே ஆளா?" என்று கேட்டார். அவர் கேட்டுத் திரும்பியபோது முகத்தில் பயம் இல்லை, இரண்டு வருடத்தில் முதல் முறை.

பொன்வண்டு அம்மா, இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு தடுப்பூசி போட எவ்வளவு நாள் இடைவெளி விடச் சொன்னார்கள்?


பொன்வண்டு:

எனக்கு இடைவெளி எதுவும் சொல்லவில்லை தம்பி, உயிருள்ள கிருமி இல்லாத ஊசிக்கு அது தேவைப்படாது என்றார்கள். ஆனால் முதல் தடவை ஏற்றுகிற அன்றைக்கே ஊசியையும் சேர்த்துப் போட வேண்டாம், குளிர் காய்ச்சல் ஏதாவது வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் குழம்புவோம். முந்தின நாளிலிருந்தே தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், ஏற்றும்போது தலைவலி வந்தால் நர்ஸிடம் உடனே சொல்லிவிட வேண்டும், வேகத்தைக் குறைத்தாலே எனக்குச் சரியாகிவிடும்.